ஐந்து அட்டைகளும் கொஞ்சம் பட்டு நூலும்

என் வலது முட்டிக்கு வயது அறுபத்திரண்டு. இடது முட்டிக்கு எண்பதாவது இருக்கும். போன ஆடியில் வேலூருக்குப் போய்ப் படம் எடுத்துக் காட்டியபோது டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா வேலை பாத்தீங்க? மூட்டை தூக்குனீங்களா?" என்று கேட்டார்.

"லைப்ரரியில இருந்தேன் டாக்டர்."

அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். "ஆமாங்க, லைப்ரரியிலதான்" என்றாள் அவள். "அங்க தவளை மாதிரி குதிச்சிகினு இருந்தாரு." டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இதை எழுதச் சொன்னது சங்கீதா. ஆரணியில் நான் வேலை பார்த்த கிளை நூலகத்தில் இப்போது நூலகராக இருக்கிற பெண். சிறுவர் பிரிவில் பெரிய தொடுதிரை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வருகிறார்கள், விரலால் தேய்க்கிறார்கள், போகிறார்கள். புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. "சார், நீங்க சனிக்கிழமை இன்னாவோ பண்ணுவீங்களாமே, பசங்க ஆடிகினே படிக்குமாமே, அதை எழுதிக் குடுங்க சார்" என்று இரண்டு மாதமாக விடாமல் கேட்கிறாள். திரைமேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபப்பட வேறு எவ்வளவோ இருக்கிறது. எழுதுகிறேன்.

நான் நெசவாளி மகன். தறிக்குழியில் கால் வைக்க எனக்கு இஷ்டமில்லை, படித்தேன். நூலகச் சான்றிதழ்ப் படிப்பில் புத்தகத்துக்கு எண் போட, அட்டவணை அட்டை எழுத, கிழிந்ததை ஒட்ட, எலி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். ‘அமைதி காக்கவும்' என்ற பலகையை எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்பதைக்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள். கதை சொல்ல யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும், படத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும். நான் எழுந்து நின்றாலே வாசல் காலியாகிவிடும். எனக்குச் ‘சிடுமூஞ்சி சார்' என்று பெயர் வைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

எல்லாம் மாறியது ஓர் ஐப்பசி மழையில். பள்ளிக்கூடம் விட்டு வந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மழைக்கு நூலகத்துக்குள் ஒதுங்கின. வெளியே துரத்தவும் முடியாது, உள்ளே விடவும் மனசில்லை. ஈரக் கையோடு அலமாரிப் பக்கம் போய்விடப் போகிறதுகளே என்ற பயத்தில், "டேய், எல்லாரும் உக்காருங்க, கதை சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு கதையும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. கண்ணெதிரே வாசற்படியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, வந்தவாசிக்குப் பஸ் ஏறப் புறப்பட்ட தவளையின் கதை என்று ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு அது எப்படிப் போச்சு என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து தாவிக் காட்டினேன்.

அவ்வளவுதான். பன்னிரண்டு தவளைகள். தினமும் பேப்பர் படிக்க வரும் முனுசாமி அண்ணன், ஓய்வுபெற்ற தபால்காரர், மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இன்னா நூலகரே, இது லைப்ரரியா சர்க்கஸா?" என்று கத்தினார். மழை விட்டதும் பிள்ளைகள் ஓடிப்போகும் என்று நினைத்தேன். அந்தக் குட்டிப் பெண் மட்டும் என் மேஜையருகே வந்து நின்றாள். "சார், அந்தத் தவளை எந்தப் புக்குல இருக்குது?"

அத்தனை வருஷத்தில் ஒரு குழந்தை என்னிடம் புத்தகம் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அலமாரியெல்லாம் தேடி, எங்கேயோ ஒரு மூலையில் தவளைப் படம் போட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். தேதி முத்திரையை அவளையே குத்தச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அதற்கு ஒரு முறை வந்தது. சங்கீதா கேட்பது இதைத்தான், அதனால் சரியாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பூட்டும் முன்பே மறுநாள் கதையின் புத்தகத்தை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துவிடுவேன். அதிலிருந்து ஐந்து சொற்கள் எடுப்பேன். ஐந்தும் உடம்பால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்: ஓடு, தாவு, சுற்று, இப்படி. ‘அன்பு', ‘மகிழ்ச்சி' எல்லாம் உதவாது, அதைச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் பல்லைக் காட்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு பழைய அட்டவணை அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன, கையகல அட்டை, ஓரத்தில் கம்பி கோக்க ஒரு துளை. துளை மேலே வரும்படி திருப்பி, முதுகுப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் ஒரு அட்டைக்கு ஒரு சொல். முன்பக்கம் நூலக முத்திரை குத்திவிடுவேன். என் கை சும்மா இருக்காது, எதைக் கண்டாலும் குத்தும்.

முதல் தடவை புத்தகத்தைத் திறக்காமலே கதை. அந்தச் சொல் வரும்போது நான் செய்வேன், பிள்ளைகளும் செய்யும். இரண்டாவது தடவை நான் வாயைத் திறக்க மாட்டேன். கதை நடக்கிற வரிசையில் அட்டையை மட்டும் தூக்கிக் காட்டுவேன். படித்தவன் செய்வான், படிக்கத் தெரியாதவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் செய்வான். அதுவும் பரவாயில்லை. மூன்றாவது தடவைதான் புத்தகம். பக்கத்தில் அந்தச் சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலால் தேட வேண்டும். கண்டுபிடித்தவன் எழுந்து இன்னொரு தரம் செய்து காட்டலாம். கடைசியில் முத்திரை, அவரவர் கையால். இவ்வளவுதான் வித்தை.

மல்லிகா தன் மகளை இட்டுக்கொண்டு வந்தது இது நடந்துகொண்டிருந்த நாலாவது வருஷம். பெண் பெயர் தர்ஷினி, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வீட்டில் தறி, புருஷன் பட்டுச் சேலை நெய்கிறவர், மல்லிகா நூல் சுற்றுகிறவள். உறுப்பினர் படிவத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை மட்டும் கோலம் போடுவதுபோல மெதுவாகப் போட்டாள்.

"சார், இவ இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கிறா. ஒரு எழுத்து படிக்க மாட்றா, வாயே தொறக்க மாட்றா. முழுப் பரீட்சைக்குள்ள தமிழாவது படிச்சிக் காட்டலன்னா டி.சி. வாங்கிகினு போன்னு சொல்லிட்டாங்க. மந்தமாம் சார்." மகளை என் முன்னால் தள்ளி நிறுத்தினாள். "மந்தமா சார் எம்பொண்ணு? நீங்களே பாருங்க."

பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முழுப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. "சனிக்கிழமை அனுப்புங்க" என்றேன். தனியார் பள்ளிக்கூடம் ஒன்று ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு முத்திரை குத்துவதா என்று எனக்கு வந்த கோபத்தில், இவளைப் படிக்க வைத்தே தீருவது என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். கோபத்தில் போடும் சபதத்தால் எனக்கு ஒரு நாளும் நல்லது நடந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஓடையைத் தாண்டும் ஆட்டுக்குட்டிக் கதை. ஓடைக்கு வழக்கமாகச் சாக்பீஸ் கோடுதான். அன்றைக்குப் புதுசாக ஏதாவது செய்ய வேண்டும் என்று என் மச்சான் வீட்டுத் தறியிலிருந்து கழிவுப் பட்டு நூல் வாங்கி வந்தேன். அலமாரிக் காலிலிருந்து மேஜைக் கால்வரை, ஒரு சாண் உயரத்தில், இருபது முப்பது இழை. நெசவாளி வீட்டுக் கை. நூலைத் தொய்வாகக் கட்டத் தெரியாது. விறைப்பாக, இழைக்கு இழை இடைவெளி பிசகாமல் கட்டிவிட்டு, ஆகா என்ன அழகு என்று நானே நின்று ரசித்தேன்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. தர்ஷினியின் முறை வந்தது. நூலருகே வந்து நின்றாள். ‘தாண்டு' என்ற அட்டையை ஆட்டிக் காட்டினேன். நகரவில்லை. மற்ற பிள்ளைகள் "தாண்டு, தாண்டு" என்று கைதட்டின. அவள் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நூலையே பார்த்தபடி நின்றாள். எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

"இன்னாடி, மரம் மாதிரி நிக்கிற? எல்லாரும் தாண்டல? உனக்கு மட்டும் இன்னா கேடு?"

அழவில்லை. திரும்பிச் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போய்விட்டாள். "பாவம் நூலகரே" என்றார் முனுசாமி அண்ணன். "உங்க வேலையைப் பாருங்க" என்று அவர்மேலும் பாய்ந்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. உறுப்பினராகச் சேர்ந்த அன்று அவள் எடுத்துப்போன படப் புத்தகத்தின் தவணை முடிந்துபோனது. விதிப்படி நினைவூட்டு அஞ்சலட்டை எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அவள் விட்டுப்போன செருப்பு வேறு மேஜைக்கு அடியில் கிடந்தது. அதை ஒரு பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு நானே போனேன்.

"உள்ள வாங்க சார், பாத்து, குனிஞ்சி வாங்க" என்றாள் மல்லிகா. கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறியிலிருந்து பாவு, நெய்வதற்காக நீளவாக்கில் இழுத்த இழைகள், கூடத்தின் நீளத்துக்குப் போய், எதிர்ச் சுவர்ப் பக்கம் உயர்த்திக் கட்டியிருந்தது. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அதற்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். அடுக்களையிலிருந்து தர்ஷினி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். நடை நிற்கவில்லை. முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தலைமுடி ஒன்றுகூட நூலில் உரசாமல், சொம்பில் ஒரு சொட்டும் சிந்தாமல் பாவுக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் எழுந்தாள். நான் மரம் என்று சொன்ன பெண்.

"பட்டு நூலைக் கட்டித் தாண்டச் சொன்னீங்களாமே சார்?" என்று மல்லிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பாவைத் தாண்டுனா அவங்க நைனா தோலை உரிச்சிடுவாரு. அன்னிக்கு ராத்திரி சோறே துன்னல."

எனக்கும் தெரியும். நானும் அப்படி ஒரு கூடத்தில்தான் தவழ்ந்தேன். ஐந்து வயதில் பாவைத் தாண்டப் போய் என் அப்பாவிடம் வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. பாவு என்றால் வீட்டின் சோறு, அதன்மேல் கால் போகக் கூடாது. ஓடையைக் காட்ட நினைத்து அச்சுஅசலாகப் பாவைக் கட்டிவைத்து, நெசவாளி வீட்டுப் பெண்ணைத் தாண்டச் சொல்லி, தாண்டாததற்குத் திட்டியும் அனுப்பிய முட்டாள் நான். படப் புத்தகம் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

"தர்ஷினி, தப்பு என்னுதுதான்மா" என்றேன். "இந்தச் சனிக்கிழமை உயரமா கட்றேன். குனிஞ்சி போற கதை. வர்றியா?" பையிலிருந்த செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வந்தாள். ஓடை வேலியாக மாறியிருந்தது. அம்மாவைத் தேடிக்கொண்டு வேலிக்கு அடியில் புகுந்து போகும் ஆட்டுக்குட்டி. ஓடு, நில், குனி, தேடு, கூப்பிடு என்று ஐந்து அட்டைகள். நூலைப் பிள்ளைகள் இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். குனிந்து போவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்து உடம்பை வளைக்கக் கற்றுக்கொண்டன. அதே கதையையே வாராவாரம் கேட்டார்கள். ஆனால் வாய்? திறக்கவில்லை. அட்டையைக் காட்டினால் சரியாகச் செய்வாள். படித்துச் செய்கிறாளா, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் செய்கிறாளா என்று எனக்குத் தெரியவே இல்லை. மல்லிகா ஒவ்வொரு வாரமும் வாசலில் நின்று, "படிக்கிறாளா சார்?" என்பாள். "வந்துகினு இருக்கா, வந்துகினு இருக்கா" என்று மழுப்புவேன். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் பாக்கி.

இங்கே எங்கள் மேலதிகாரி தணிகாசலம் ஐயாவைச் சொல்ல வேண்டும். ஆறடி உயரம், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வருவார். முதலில் கைக்குட்டையால் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து அதைப் பார்ப்பார். பிறகு ஏதாவது ஒரு புத்தகத்தை உருவி, கடைசியாக யார் எப்போது எடுத்தார்கள் என்று தவணைத் தாளைப் பார்ப்பார். "சரி" என்பார். அந்தச் ‘சரி'க்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. போகும்போது ஆய்வுப் பதிவேட்டில் பச்சை மையில் ஒரே ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்கு மாவட்டமே நடுங்கும். என் நூலகத்தில் அவர் அதற்கு முன் எழுதிய வரி: ‘நூலகர் உரக்கப் பேசுகிறார்.'

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை நடுக்கதையில். நான் நாலு காலில் நின்று ‘மே' என்று கத்திக்கொண்டிருந்தேன். அம்மா ஆடு நான்தான். அட்டைகள் ஐந்தும் தரையில் இறைந்து கிடந்தன. சிறுவர் பிரிவின் வாசலுக்குக் குறுக்கே நூல் கட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைப் பேண்ட். பாதி ‘மே'யோடு நின்றுவிட்டேன். பிள்ளைகளும் செய்ததைப் பாதியில் விட்டு அப்படியே நின்றன. முனுசாமி அண்ணன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஐயா நூலைப் பார்த்தார். அவருக்கு அது முட்டிக்குக் கொஞ்சம் மேலே. கையில் ஃபைலைப் பிடித்தபடி, தாண்டி வரக் காலைத் தூக்கினார்.

தர்ஷினி ஓடினாள். தரையில் கிடந்த ஐந்து அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் பார்த்துச் செய்ய அப்போது யாரும் இல்லை. நாங்கள் எல்லோருமே சிலையாக நின்றுகொண்டிருந்தோம். அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, நான் அதுவரை கேட்டிராத, கொஞ்சம் கரகரத்த குரலில் படித்தாள்.

"குனி!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்திருப்பாள். "தாண்டாதீங்க சார், குனிஞ்சி வாங்க" என்றாள்.

தணிகாசலம் ஐயா காலைக் கீழே வைத்தார். குனிந்தார். அவர் உயரத்துக்குக் குனிந்தது போதவில்லை. ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு, கையூன்றி, அந்த வெள்ளைப் பேண்ட்டோடு நூலுக்கு அடியில் தவழ்ந்து இந்தப் பக்கம் வந்தார். வந்தவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே அவளைப் பார்த்து, "அடுத்தது என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் மற்ற நாலு அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றை எடுத்து நீட்டினாள். "நில்."

எழுந்து நின்றார். பிள்ளைகள் ஓவென்று கத்தின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா ஆடு அழுகிறது என்று ஒரு வாண்டு எல்லோருக்கும் அறிவித்தது. அன்று அவர் அலமாரியைத் துடைத்துப் பார்க்கவில்லை. பதிவேட்டில் பச்சை மையில் எழுதிவிட்டுப் போனார்: ‘கதை நேரம் கண்டேன். ஐந்து அட்டைகள் போதா.' மறுவாரம் மாவட்ட நூலகத்திலிருந்து பழைய அட்டவணை அட்டைகள் ஒரு மூட்டை வந்து இறங்கியது.

அதன் பிறகு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது என்று சொன்னால் பொய். நின்றால் படிப்பாள், உட்கார வைத்தால் வாய் மூடிக்கொள்ளும். முழுப் பரீட்சை முடிந்த அன்று மல்லிகா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "மிஸ்ஸு பெஞ்சில உக்காத்தி வெச்சி படின்னாங்க. அப்படியே உக்காந்துகினு இருக்கா சார், எனக்கு உசுரே இல்ல. அப்புறம் நான்தான் கேட்டேன், நின்னுகினு படிக்கட்டுமா மேடம்னு. நின்னா. ரெண்டு பக்கம் படிச்சிட்டா! கையும் காலும் ஆட்டிகினே படிக்கிறா, மிஸ்ஸுக்குச் சிரிப்பு தாங்கல." டி.சி. கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். எனக்கு அது போதும்.

அந்த வருஷ நூலிருப்புச் சரிபார்ப்பில் ஒரு குறை வந்தது. மூட்டை வந்ததிலிருந்து புதுக் கதைகளாகவே போனதில் நான் பிரித்தே பார்க்காத ஆட்டுக்குட்டிக் கதை அட்டைகளில் ‘குனி' மட்டும் காணவில்லை. அலமாரிக்கு அடியெல்லாம் துழாவினேன், முனுசாமி அண்ணனைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் புதுசாக ஒன்று எழுதிச் சேர்த்தேன். சங்கீதாவிடம் நான் கொடுத்த அட்டைக் கட்டில் இருப்பது அந்தப் புது அட்டைதான்.

போன மாதம் தர்ஷினியைத் தேர் வீதியில் பார்த்தேன். ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், என்னைவிட உயரம். "அம்மா உங்கள வீட்டுக்கு இட்டுகினு வரச் சொன்னாங்க சார்" என்று விடாமல் கூட்டிப்போனாள். அதே கூடம், அதே தறி, புதுப் பாவு, மயில் கழுத்து நிறம். பாவு உயர்ந்து போகும் இடத்தில் ஒரு தூண். தூணில் ஒரு ஆணி. ஆணியில், துளையில் நூல் கோத்து, ஒரு அட்டை தொங்கியது. ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்தது. என் கொட்டை எழுத்து: குனி. திருப்பிப் பார்த்தேன், நூலக முத்திரை. ‘குனி'க்குக் கீழே பென்சிலால், கோணல் மாணலாக, ஒரு குழந்தைக் கையெழுத்தில் இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன.

யாரா இருந்தாலும்.

"அந்த ஆபீசர் வந்த அன்னிக்கு சாயந்திரமே மாட்டிட்டா சார்" என்றாள் மல்லிகா. "எனக்கும் இவங்க நைனாவுக்கும் அப்போ படிக்கத் தெரியாதே. இன்னாவோ கிறுக்கி வெச்சிருக்கான்னு விட்டுட்டோம். அப்புறம் இவ எனக்குச் சொல்லிக் குடுத்தாளே, அப்போதான் இன்னா எழுதியிருக்குதுன்னே தெரிஞ்சுது."

அந்த மூன்று மாதம் எங்கள் யாருக்கும் தூக்கமில்லை. மல்லிகா அழுதாள், நான் மழுப்பினேன், பள்ளிக்கூடத்தில் டி.சி. எழுதத் தயாராக இருந்தார்கள். அத்தனை நாளும் அவளே எழுதிய அந்த வரி இந்தத் தூணில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

தர்ஷினி பாவுக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். என் காலைப் பார்த்தாள். "சார், முட்டி வலின்னீங்களே. நீங்க அங்கயே நில்லுங்க, நாற்காலிய அந்தப் பக்கம் எடுத்துகினு வரேன்."

"யாரா இருந்தாலும்னு எழுதியிருக்கியே" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தேன்.